ஏற்காட்டில் போலீஸ் வேலை, பாதி ஆன்லைனில் குற்றவியல் பட்டம்: படித்தவர்கள் வழி சொல்லுங்கள்

மலைக்காவலர்:

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காடு மலையில் கிரேடு ஒன் போலீஸாக இருக்கிறேன். வயது 32. பிளஸ் டூவோடு படிப்பு நின்றுவிட்டது. 2014ல் வேலைக்கு வந்து, ஏ.ஆர். என்கிற ஆயுதப்படை, தாலுகா ஸ்டேஷன் என்று சுற்றி, நாலு வருஷமாக மலையில் இருக்கிறேன். வீட்டுக்காரர் டாக்ஸி ஓட்டுகிறார். பிள்ளைகள் இரண்டு பேர், மூன்றாவதும் ஒன்றாவதும் படிக்கிறார்கள்.

குற்றவியலும் குற்றவியல் நீதி நிர்வாகமும் சேர்ந்த பி.ஏ. படிக்க ஆசைப்படுகிறேன். ஏன் இப்போது திடீரென்று என்று ஸ்டேஷனில் கேட்கிறார்கள். காரணத்தைச் சொன்னால்தான் என் கேள்வி உங்களுக்கும் புரியும்.

போன மாசியில் ஒரு எஸ்டேட் களத்தில் காயப்போட்ட மிளகு ஆறு கிலோ காணாமல் போனது. எடுத்தது 15 வயதுப் பையன், ஒன்பதாம் வகுப்பு. எந்த ஊர், எந்த எஸ்டேட் என்று எழுத மாட்டேன், எழுதவும் கூடாது. சேலத்தில், சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் அவன் ஆஜராகும் நாளில், அவனையும் அவன் அம்மாவையும் அழைத்துப் போகச் சொன்னார்கள். மஃப்டியில் போனேன், சுடிதார்தான். காலை முதல் பஸ். மூன்று பேருக்கும் ஒரே சீட். மலையிலேயே பிறந்த பிள்ளைதான், ஆனால் அன்றைக்குப் பதினான்காவது கொண்டை ஊசி வளைவு தாண்டும்போதே வாந்தி. அம்மா முந்தானையால் துடைக்கிறார், நான் கவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பஸ் அடிவாரம் வந்து சமதளத்தில் ஓட ஆரம்பித்த பிறகு மெதுவாகக் கேட்டான்: “அக்கா, இனிமே எனக்குக் கவர்மென்ட் வேலை எதுவும் கிடைக்காதா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன். எஃப்.ஐ.ஆர். நகல் எடுத்திருக்கிறேன், கோர்ட் டியூட்டி பார்த்திருக்கிறேன், சம்மன் கொடுக்க நடந்தே போகாத குக்கிராமம் இந்த மலையில் இல்லை. ஆனால் அந்தப் பையன் கேட்டதற்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லத் தெரியவில்லை. “அதெல்லாம் பார்த்துக்கலாம் சாமி” என்றேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால்தான் படிக்க வேண்டும் என்று தோன்றியது. என் சந்தேகங்கள் இவைதான். தபால் வழிப் பட்டம், ஆன்லைன் பட்டம் இதெல்லாம் நம் டிபார்ட்மென்ட்டில் செல்லுமா? மே மாதம் கோடை விழா பந்தோபஸ்து வந்தால் இரண்டு வாரம் மூச்சு விட நேரமிருக்காது, அந்தச் சமயம் பரீட்சை வந்தால் என்ன செய்வது? எங்கள் குவார்ட்டர்ஸில் மழை வந்தால் சிக்னல் போய்விடும், வீடியோ பாடத்தை நம்பிச் சேரலாமா? முக்கியமாக, இப்படிப் படித்தால் அந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியுமா? இல்லை, வெறும் பேப்பர்தானா?

வாழப்பாடி வார்டர்:

தங்கச்சிக்கு வணக்கம். நான் போலீஸ் இல்லை, சேலத்தில் ஜெயில் வார்டர். 2022 ஜூலையில் இதே படிப்பில் சேர்ந்து போன வருஷம் முடித்தேன். வயது 41. படித்த பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். ஒன்று, முதல் வருஷப் புத்தகம் எனக்கு ஐந்து மாதம் கழித்துத்தான் வந்தது, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. இரண்டாவது, எந்தப் பல்கலைக்கு எந்தப் படிப்பு நடத்த அனுமதி என்பது சேர்க்கைக்குச் சேர்க்கை மாறும். என் பேச்சை நம்பிச் சேராமல் நீங்களே பார்த்துச் சேர்வதுதான் நல்லது.

முதலில் உங்கள் கடைசிக் கேள்வி. வெறும் பேப்பர் இல்லை. ஆனால் படிப்பு மட்டும் தனியாகப் பதிலைத் தராது. நம் வேலையையும் பாடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், அதை நாம்தான் செய்ய வேண்டும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். விசாரணைக் கைதிகள் எங்களிடம் தினமும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “சார், நான் எப்போ வெளிய போவேன்?” பதினாலு வருஷமாக “வக்கீலைக் கேளுப்பா” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வக்கீலே இல்லாதவனிடமும் அதையேதான் சொன்னேன். பழைய குற்ற விசாரணைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா படிக்கும்போது 479வது பிரிவு வந்தது. முன்பு எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே இருந்துவிட்டால், பிணைப்பத்திரத்தில் விட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதி. தூக்கு, ஆயுள் வரக்கூடிய குற்றமாக இருந்தால் இது கிடையாது, வேறு வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் கிடையாது. அதைவிட முக்கியம், இதற்காக கோர்ட்டுக்கு எழுத வேண்டிய பொறுப்பைச் சட்டமே சிறைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட், சட்டம் வருவதற்கு முந்தைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்றது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு யாராவது கேட்டால் எந்தப் பிரிவு, எத்தனை மாதம் ஆச்சு என்று கேட்டுக் கணக்குப் போட்டு, மேலே சொல்ல வேண்டியவர்களிடம் சொல்கிறேன். எல்லோருக்கும் பலிக்கவில்லை. சிலருக்குப் பலித்தது.

இன்னொரு பாடத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871ல் வடக்கே தொடங்கி, 1911 சட்டத்தின் மூலம் மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த குழந்தையையே குற்றவாளிக் கூட்டமாகப் பதிவு செய்த சட்டம். சேலத்தின் பெயரையே முன்னால் வைத்துக்கொண்டு ‘சேலம் மேல்நாடு குறவர்’, ‘சேலம் உப்புக் குறவர்’ என்று, முன்பு அந்தச் சட்டத்தில் அடைபட்டிருந்த சீர்மரபினரின் பட்டியலில் இன்றும் சமூகங்கள் இருக்கின்றன. கைதி உள்ளே வரும்போது சாதிக் கட்டத்தை எத்தனை தடவை நிரப்பியிருப்பேன்! அந்தப் பாடத்துக்குப் பிறகு அந்தக் கட்டத்தை நிரப்பும்போது என் கை ஒரு நிமிஷம் நின்றது. யாரையும் பார்த்த மாத்திரத்தில் “இவன் பழைய ஆளு” என்று சொல்லும் பழக்கத்தை அன்றோடு விட்டேன்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். திறந்தநிலை முறை என்றால் புத்தகம் தருவார்கள், சனி ஞாயிறு நேர்முக வகுப்பு, பரீட்சை மையத்தில் பேனா பிடித்து எழுதுவது. வீட்டில் எழுதித் தரும் ஒப்படைப்புக்கு 30 மார்க், பரீட்சைக்கு 70. முழு ஆன்லைன் என்றால் வீடியோ, மின்பாடம், இணையக் கலந்துரையாடல் எல்லாம் இருக்கும், பரீட்சையைக் கண்காணிப்போடு நடத்துவார்கள். உங்கள் சிக்னல் நிலைமைக்கு முதல் வகைதான் சரி. அதிலும் இப்போது வகுப்புகளில் கொஞ்சம் ஆன்லைனில் வந்துவிடுகிறது, அதற்கு மட்டும் சேலம் இறங்கும் நாளில் வீடியோவை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம்தான் பெரிய பாடு. யாரும் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். தொலைநிலையில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. நாலு கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 120 மணி. அரையாண்டுக்கு ஐந்து பாடம் என்றால் 600 மணி, அதாவது தினமும் மூன்று மணிக்கு மேல். டியூட்டியோடு என்னால் அது முடியவில்லை. மூன்று வருஷத்தில் இரண்டு பாடத்தில் தோற்று, மறுபடி எழுதித்தான் தேறினேன்.

எனக்குக் கைகொடுத்தது என் மகள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, பாராவில் நிற்கும்போது புத்தகமும் கூடாது. மிச்சம் இருந்தது வாழப்பாடி சேலம் பஸ்ஸில் போக ஒரு மணி, வர ஒரு மணி. எட்டாவது படித்த மகளிடம் தினம் நாலு பக்கத்தை உரக்கப் படிக்கச் சொல்லி போனில் பதிவு செய்துகொண்டேன். பெக்காரியா என்ற பழைய குற்றவியல் அறிஞரின் பெயரை அவள் ‘பெக்கரியா’ என்றே மூன்று மாதம் படித்தாள், பரீட்சையில் நானும் அப்படியே எழுதிவிட்டு வந்தேன். பதிவைக் கேட்க சிக்னல் தேவையில்லை. இருபது வளைவு ஏறி இறங்கும் உங்களுக்கு அது இன்னும் பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை. 2024 ஜூலை 1 முதல் தண்டனை, விசாரணைமுறை, சாட்சியம் மூன்றுக்கும் புதிய சட்டங்கள். என் மூன்றாம் வருஷப் புத்தகத்தில் பழைய இ.பி.கோ.தான் இருந்தது. கோடு போடாத நோட்டு ஒன்று வாங்கி, இடது பக்கம் பழைய எண், வலது பக்கம் புது எண் எழுதினேன். கொலைக்கு 302 போய் 103. மோசடிக்கு 420 போய் 318. திருட்டுக்கு 379 போய் 303. எஃப்.ஐ.ஆருக்கு 154 போய் 173. சந்தேக மரணத்துக்கு 174 போய் 194. அந்த நோட்டு இப்போது எங்கள் பிளாக்கில் நாலு பேர் கை மாறிக்கொண்டிருக்கிறது. நீங்கள் சேர்ந்ததும் முதலில் அதைச் செய்யுங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

ஆத்தூர் ரைட்டர்:

வார்டர் அண்ணன் விட்ட இரண்டை மட்டும் சேர்க்கிறேன்.

செல்லுமா என்ற கேள்விக்கு: யு.ஜி.சி. என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதித்த படிப்பாக இருந்தால், நேரில் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம். 2022லேயே யு.ஜி.சி. தெளிவாக அறிவித்துவிட்டது. அனுமதிப் பட்டியல் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. பல்கலையின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் சேரும் படிப்பு, சேரும் பருவம் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது சேருமுன் ஏ.பி.சி. ஐடி (நம் கிரெடிட்களைச் சேர்த்து வைக்கும் கணக்கு எண்) எடுத்து, அதை வைத்து அந்தத் தொலைநிலைப் பிரிவின் டெப் ஐடியும் வாங்க வேண்டும். அது கேட்காமலே பணம் வாங்குகிற இடம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். எங்கள் ஏட்டு ஒருவர் இங்கே ஒரு மாடிக் கட்டிடத்தில் ‘ஸ்டடி சென்டர்’ என்று போர்டு போட்டவர்களிடம் 18,000 கட்டினார். வேறு மாநிலத்துப் பல்கலையின் பெயரில் மார்க் ஷீட் வந்தது. ஒரு மாநிலப் பல்கலை தன் எல்லை தாண்டி வந்து திறந்தநிலைப் படிப்பு நடத்தக் கூடாது, முழு ஆன்லைன் படிப்புக்கு மட்டும்தான் எல்லை இல்லை. இது தெரியாமல் மூன்று வருஷமும் பணமும் போனது. மனுஷர் இன்னும் அந்தத் தெருப் பக்கம் போவதில்லை.

இன்னொன்று, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக. பத்தாவதோடு வேலைக்கு வந்தவர்கள் நேராக பட்டத்தில் சேராதீர்கள். பத்து, பிளஸ் டூ, அப்புறம் பட்டம் என்ற வரிசை இல்லாவிட்டால் நம் அரசு வேலையில் அந்தப் பட்டத்தை எடுக்க மாட்டார்கள். முதலில் பிளஸ் டூ முடியுங்கள். கேள்வி கேட்ட சகோதரிக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

சேர்வதற்கு முன்பே அனுமதி கேட்டு மனு எழுதி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். முடித்த பிறகு சர்வீஸ் ரெஜிஸ்டரில் ஏற்றும்போது அதைத்தான் கேட்பார்கள். எஸ்.ஐ. தேர்வில் நமக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதற்கு எந்தப் பட்டமும் போதும். அதனால் பிரமோஷனுக்காகத்தான் இந்தப் பாடம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிடித்திருந்தால் இதை எடுங்கள்.

மலைக்காவலர்:

வார்டர் அண்ணா, உங்கள் மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். என் பெரியவளும் உரக்கப் படிப்பாள், இன்றைக்கே கேட்டுப் பார்த்தேன், “காசு குடுப்பியாம்மா” என்கிறாள்.

ரைட்டர் சார், மனு நாளைக்கே எழுதிவிடுகிறேன். இந்தப் பட்டம் முடித்தால் அப்புறம் வக்கீலுக்கும் தபாலில் படிக்கலாமா?

கோர்ட் ரோடு அக்கா:

அது முடியாது கண்ணு. சட்டப் படிப்பைத் தொலைநிலையில் படிக்க பார் கவுன்சில் அனுமதி இல்லை. நேரில்தான் போக வேண்டும், 70 சதவீத வருகை வேண்டும். பட்டம் முடித்தபின் மூன்று வருஷ எல்.எல்.பி.க்கு விண்ணப்பிக்கலாம், சேலத்திலேயே 2019 முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. ஆனால் வேலையில் இருந்துகொண்டு அது நடக்காது. பட்டத்துக்குப் பிறகும் ஆசை இருந்தால் இக்னோ என்கிற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலையில் குற்றவியல் நீதிக்கு ஒரு முதுநிலை டிப்ளமோ உண்டு, அது தொலைநிலை.

நான் 22 வருஷமாக இங்கே பிராக்டீஸ் செய்கிறேன். குழந்தைகள் வழக்கு நிறையப் பார்க்கிறேன். நீ எழுதியதில் எனக்குப் படிப்பைவிட அந்தப் பையன்தான் மனதில் நிற்கிறான். அவன் கேட்டதற்குப் பதில் இருக்கிறது. எழுதி வைத்துக்கொள்.

இளைஞர் நீதிச் சட்டம் 2015. அதில் 24வது பிரிவு: இந்தச் சட்டத்தின் கீழ் நடவடிக்கைக்கு உள்ளான குழந்தைக்கு, அதனால் எந்தத் தகுதியிழப்பும் கிடையாது. 16 வயதுக்கு மேல் கொடுங்குற்றத்தில் பெரியவர்போல விசாரிக்கப்பட்டுக் குற்றம் உறுதியானவருக்கு மட்டும் அது பொருந்தாது. உன் பையனுக்கு 15 வயது, களத்து மிளகு. மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் பதிவுகளை அழிக்கவும் அதே பிரிவில் வழி இருக்கிறது. 74வது பிரிவை இன்னும் கவனமாகப் படி, அது உங்கள் டிபார்ட்மென்ட்டுக்கே சொன்னது: வழக்கு நடக்கும்போதும் சரி, முடிந்த பிறகும் சரி, நடத்தைச் சான்றுக்காகவோ வேறெதற்காகவோ அந்தக் குழந்தையின் பதிவைப் போலீஸ் வெளியே சொல்லக் கூடாது. நாளைக்கு அவன் வேலைக்கு வெரிஃபிகேஷன் வரும்போது அந்தத் தாள் உன் மேசைக்கோ, உன் மாதிரி இன்னொருவர் மேசைக்கோதான் வரும். அன்றைக்கு இந்தப் பிரிவு தெரிந்தவர் அங்கே இருக்க வேண்டும்.

மிளகின் மதிப்பு என்ன? ஐயாயிரத்துக்குள்தான் இருக்கும். பெரியவர்களுக்கே, புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ஸின் 303ல், ஐயாயிரத்துக்குக் குறைந்த பொருள், முதல் தடவை, திருப்பியும் கொடுத்துவிட்டார் என்றால் சமூக சேவைதான் தண்டனை. குழந்தைக்கு இது சிறு குற்றம். குழுமத்தின் விசாரணை நாலு மாதம், நீட்டித்தாலும் இன்னும் இரண்டு மாதம். அதற்குள் முடியாவிட்டால் சிறு குற்ற நடவடிக்கை அதோடு முடிந்துபோகும். குழுமத்தில் மாஜிஸ்திரேட்டோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் உட்காருவார்கள், அதில் ஒருவராவது பெண். பெரும்பாலும் புத்தி சொல்லி, பெற்றோரிடம் ஒப்படைத்து அனுப்புவார்கள்.

நீ மஃப்டியில் போனாய், விலங்கு இல்லை, அம்மாவைக் கூடவே அழைத்துப் போனாய். விதியில் இருக்கிறதைத்தான் செய்திருக்கிறாய். அவனுக்கு வாந்தி வந்தபோது கவர் பிடித்தது எந்த விதியிலும் இல்லை. படிப்பில் சேர், கண்டிப்பாகச் சேர். ஆனால் பையனுக்குப் பதில் சொல்ல மூன்று வருஷம் காத்திருக்காதே.

மலைக்காவலர்:

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை வீட்டுக்காரரிடம் உரக்கப் படித்துக் காட்டினேன்.

டெப் ஐடிக்கு இன்று பதிவு போட்டாயிற்று. இடையில் சிக்னல் போய், மொட்டை மாடியில் நின்றுதான் முடித்தேன். தமிழில் புத்தகம் தரும் இடமாகப் பார்த்துச் சேர்கிறேன். கோடை விழா முடிந்து ஜூன் பரீட்சைக்குள் தேற முடியாது என்று தெரிகிறது, அதனால் முதல் வருஷம் கனமான பாடங்களை டிசம்பர் பரீட்சைக்கு வைத்துக்கொள்கிறேன். நோட்டும் வாங்கிவிட்டேன் அண்ணா, கோடு போடாதது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வாரவிடுப்பு. அந்த எஸ்டேட் லைன் வீட்டுக்குப் போகிறேன், யூனிஃபார்ம் இல்லாமல். 24வது பிரிவையும் 74வது பிரிவையும் தமிழில் பெரிய எழுத்தாக ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அவன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவனே அவருக்குப் படித்துக் காட்டட்டும்.